நஃபீசா அக்கா பார்க்காத கார்கள்

திருவாரூர் நாகை சாலையில் இருந்த ஹமீது ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸுக்கு ஆறு வருடத்தில் முந்நூறு கார்களாவது வந்திருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட நஃபீசா அக்கா கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் காருக்கு என்ன கோளாறு என்று சொன்னவர் அவர்தான். ஸ்பானர் பிடித்தவன் நான், துரைராசு. பெயர்ப்பலகையில் இருந்த அப்துல் ஹமீது, அக்காவின் கணவர், சவூதியில் தம்மாம் என்ற ஊரில் ஒரு கேரேஜில் வேலை செய்துகொண்டிருந்தார்.

கடை என்பது அவர்கள் வீட்டின் முன்கட்டு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு நிலைவாசல், அதில் பச்சைப் பூப்போட்ட திரை. வெளி ஆண்கள் வந்துபோகும் இடத்தில் வீட்டுப் பெண்கள் உட்காருவதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அக்கா வழக்கத்தை மீறவில்லை. திரைக்கு உள்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமும் நடந்தது, கடையும் நடந்தது. அவர் வயதில் என்னைவிட நாலு வருடம் இளையவர். முதலாளி என்பதால் நான் அக்கா என்றேன். வயதில் மூத்தவன் என்பதால் அவர் என்னை அண்ணே என்றார். எங்கள் உறவு முறை எந்த ஊர்க் கணக்கிலும் வராது.

அவர் தொழில் கற்ற விதம் இது. கல்யாணமான புதிதில் ஹமீது பாய் மழை நாட்களில் டைனமோக்களை வீட்டுக்குள் கொண்டுவந்து பாயில் பிரித்துப் போடுவாராம். திரும்பப் பூட்டி முடித்தால் எப்போதும் இரண்டு திருகு மிச்சம் இருக்குமாம். அந்த இரண்டும் எங்கே போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அக்கா முழு மெக்கானிக் ஆகிவிட்டார். பாய் சவூதிக்குக் கிளம்பும்போது கடையை மூடிவிடச் சொன்னார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, பாய் ஏறிய ரயில் போன மறுநாள் கடையைத் திறந்தார்.

காரைப் பார்க்க முடியாதவர் கேள்விதானே கேட்க முடியும். ஓட்டி வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, திரைக்குள்ளிருந்து நிதானமாகக் கேட்பார். சாவியைப் போட்டதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்னால், டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிகிறதா? ஓடத் தொடங்கியதும் அணைகிறதா? ஹெட்லைட்டைப் போட்டால் பெல்ட் கத்துகிறதா? எஞ்சின் சூடு ஏறுகிறதா? அந்தக் காலத்து அம்பாசடரில் ஒரே பெல்ட்தான் விசிறியையும் தண்ணீர் பம்பையும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் சுற்றும். ஆகவே சிவப்பு விளக்கும் சூடும் சேர்ந்து வந்தால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். விளக்கு மட்டும் எரிந்து சூடு ஏறாவிட்டால் பெல்ட் நன்றாக இருக்கிறது, ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை எனக்குப் புரியவைக்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று.

வண்டி ஓட்டுகிறவர்களைப் போலப் பொய் சொல்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். என்னிடம் கண்ணைப் பார்த்துச் சொல்லும் அந்தப் பொய்யைத் திரையைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு வராது. எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறி உண்மையைச் சொல்லிவிடுவார்கள். புலிவலத்து ஜவுளிக்காரர் ஒருவர், தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது, ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள் என்று வந்தார். அக்கா ஆல்டர்னேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கார் ரேடியோவில் கிரிக்கெட் கேட்பது யார் என்று கேட்டார். ஜவுளிக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான்தான் என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

என் கதைக்கு வருகிறேன். கொரடாச்சேரிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பதினோரு வருடம் பெல்ட் ஆளாக இருந்தவன் நான். மில் பெல்ட் ஒரு முழ அகலம், இருபது முழ நீளம். அது வழுக்கத் தொடங்கினால், தூபத்துக்குப் போடுகிற குங்கிலியத்தைப் பொடித்து ஒரு கை அள்ளி வீச வேண்டும். கப்பென்று பிடித்துக்கொள்ளும். அந்த வட்டாரத்தில் என்னைப் போலக் குங்கிலியம் வீச ஆள் கிடையாது. மில் முதலாளிக்கும் அவர் தம்பிக்கும் வழக்கு வந்து மில்லைப் பூட்டியபோது எனக்குக் கிடைத்தது கடைசி வாரச் சம்பளமும் ஒரு டின் குங்கிலியமும்தான். டின்னோடு இங்கே வந்து சேர்ந்தேன்.

கடைக்கு எதிரே ஹமீது பாயின் அண்ணன் அப்துல் அஜீஸ் கயிறும் சாக்கும் விற்றார். அவருக்கு எங்கள் கடை இடத்தின் மேல் ஒரு கண். அதில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. எங்கள் கடையில் ஒரு தவறு நடந்தால் அவருடைய கடிதம் அன்றைய தபாலிலேயே சவூதிக்குப் போய்விடும். அந்த வருடம் இரண்டு தவறு நடந்திருந்தது, இரண்டும் என் கைங்கரியம். ஒரு டாக்டரின் ஃபியட்டில் பேட்டரி ஒயரைத் தலைகீழாக மாட்டி ஆல்டர்னேட்டர் டயோடு மொத்தத்தையும் எரித்தேன். இன்னொரு வண்டியில் இடது பக்கம் திரும்பினால் ஹார்ன் தானாக அடிக்கும்படி செய்துவிட்டேன். தம்மாமிலிருந்து பேச்சைப் பதிவு செய்த கேசட் வந்தது. பாய் நலம் விசாரித்தார், இருமினார், பிறகு சொன்னார்: "இன்னொரு புகார் வந்துச்சுன்னா கடைச் சாவியை அண்ணன்கிட்ட கொடுத்திடு நஃபீசா. எனக்கு இங்க தூக்கம் வரல."

அக்கா அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு டேப்பை நிறுத்திவிட்டு, "இனிமே கேக்காம எதையும் தொடாதீங்கண்ணே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியிருந்தும் தொட்டேன். தை மாதம், சம்பா அறுவடை நேரம். அக்கா உறவில் ஒரு பிரசவத்துக்காக நாகூருக்குப் போயிருந்த நாளில் மிராசுதார் காயாரோகணத்தின் அம்பாசடர் கத்திக்கொண்டு வந்து நின்றது. மன்னார்குடி சாலையில் ஒரு கிராமத்தில் அறுபது வேலி நிலம் வைத்திருந்த குடும்பம். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அவ்வளவும் யார் யார் பெயரிலோ இருந்தது. அதில் வீட்டு மாட்டின் பெயரும் உண்டு என்று ஊரில் கேலி செய்வார்கள். காரை அவரே ஓட்டுவார், டிரைவரை நம்பமாட்டார். பெல்ட் சத்தம் காது கிழிகிறது, உடனே நிறுத்து என்றார். திரைக்குள் ஆள் இல்லை என்று சொல்ல என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், சரியாகப் போயிற்று. இறுக்கம் சரி, ஆனாலும் கத்துகிறது என்றால் வேறு எதையோ பார்க்க வேண்டும். நான் டின்னைப் பார்த்தேன்.

குங்கிலியம் போட்டதும் சத்தம் நின்றது. மிராசுதார் முதல் தடவையாக என்னைப் பெயர் கேட்டார். அக்கா திரும்பி வந்தபோது பெல்ட்டை லேசாக இறுக்கினேன் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் வேறு வண்டி வந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினத்தில் கூலிப் பேச்சுவார்த்தை. அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரைப் படி நெல் கூட்டித் தர வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கேட்டது. மிராசுதார்கள் மாட்டோம் என்றார்கள். கதிர் வயலில் சாய்ந்து கிடந்தது. சப் கலெக்டர் இரு தரப்பையும் பதினொன்றரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார். சங்கம் அன்று சாலை மறியலும் கடையடைப்பும் அறிவித்திருந்தது. மறியலால் பஸ் ஓடவில்லை. பஸ் ஓடாததால் மறியலை அறிவித்த சங்கத் தலைவர் அமிர்தலிங்கமே பேச்சுவார்த்தைக்குப் போக முடியாமல் நின்றார். மிராசுதாரிடம் கார் இருந்தது, மறியல்காரர்கள் விடமாட்டார்கள். கடைசியில் அமிர்தலிங்கம் மிராசுதாரின் காரில் ஏறிக்கொண்டார். தலைவர் உள்ளே இருப்பதைப் பார்த்து மறியலில் காருக்கு வழிவிட்டார்கள். இப்படி ஒருவரை ஒருவர் சுமந்துகொண்டு வந்தபோதுதான் ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்தில் கார் நின்றுவிட்டது.

எட்டரை மணிக்கு அவர்கள் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மிராசுதார் ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார். அமிர்தலிங்கம் பின்னாலிருந்து தள்ளினார். மிராசுதார் காரைத் தோழர் தள்ளலாமா என்று டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, தான் தள்ளுவது பேச்சுவார்த்தையை என்றும், கார் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பதில் சொன்னாராம்.

பானெட்டைத் திறந்தேன். பெல்ட் நார் நாராகப் பிய்ந்து தொங்கியது. மிராசுதார் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இது தானாக அறுந்தது இல்லை, கதிர் அறுக்கும் கருக்கரிவாளால் கீறியிருக்கிறார்கள், தான் வண்டியை எடுக்கும்போது பக்கத்தில் நின்றது சங்கத்து ஆட்கள், இப்போதே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார். பேச்சுவார்த்தைக்கு வராமல் தப்பிக்க அவரே அறுத்துக்கொண்டார் என்றார் அமிர்தலிங்கம். சாத்திய கடை வாசலில் உட்கார்ந்திருந்த அஜீஸ் பாய் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாலையைக் கடந்து வந்தார். போன வாரம் இந்த வண்டியைத் தொட்டது இந்தக் கடைதானே என்று கேட்டார். அவர் முகத்தில் வீடியோ கேசட்டுகள் வரிசையாக அடுக்கப்படுவதை என்னால் பார்க்க முடிந்தது.

உண்மையைச் சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் அமிர்தலிங்கத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். நான் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்தேன்.

திரைக்குள் நாற்காலி நகர்ந்தது. "விளக்கு எரிஞ்சது முதல்லயா, சூடு ஏறினது முதல்லயா?" என்று அக்காவின் குரல் கேட்டது.

மிராசுதார் பெண் குரலுக்குப் பழக்கப்படாதவர். என்னைப் பார்த்தார். நான் திரையைக் காட்டினேன். இரண்டும் ஒன்றாக வந்தது என்றார். ஒரு வாரமாகக் கத்தியதா என்று அக்கா கேட்டார். ஒரு சத்தமும் இல்லை, வண்டி அடக்கமாக ஓடியது என்றார். வேறு ஏதாவது புதிதாகக் கவனித்தீர்களா என்று கேட்டதும் அவர் குரல் இறங்கியது. கவனித்தாராம். ஒரு வாரமாகக் காருக்குள் கோயில் மணம் வருகிறதாம். தேர்த் திருப்பணிக்கு அவர் ஒரு வண்டி நெல் அனுப்பிய மறுநாளிலிருந்து வருகிறதாம். சாமி தன் காரில் ஏறிவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்றாம். அவர் வீட்டு அம்மாள் தினமும் பானெட்டுக்குக் கற்பூரம் காட்டுகிறாராம். அமிர்தலிங்கம் கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிறவர். அவர்கூட, பின் சீட்டில் தனக்கும் வாசம் வந்தது என்று ஒப்புக்கொண்டார்.

அக்கா அறுந்த பெல்ட்டைக் கேட்டார். திரைக்கு அடியில் நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு என்ன கிழமைண்ணே?"

"செவ்வாய்க்கிழமைக்கா."

"நம்ம வீட்ல சாம்பிராணி வியாழக்கிழமைதானே போடுவோம்."

அஜீஸ் பாய் மூக்கை உறிஞ்சினார். மிராசுதாரும் அமிர்தலிங்கமும் பானெட்டுக்குள் தலையை விட்டு உறிஞ்சினார்கள். மூன்று பெரிய மனிதர்கள் ஒரே எஞ்சினை முகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"யாரும் அறுக்கல," என்றார் அக்கா. "பெல்ட்ல குங்கிலியம் பூசியிருக்கு. இது எங்க கடைத் தப்பு."

அஜீஸ் பாய் கேட்கிறார் என்று தெரிந்தேதான் சொன்னார். அவர் வாயால் அதைக் கேட்ட பிறகு என்னால் நிற்க முடியவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் நான்தான் பூசினேன், அவர் ஊரில் இல்லை, அவரைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். ஆல்டர்னேட்டர் கப்பியைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னார் அக்கா. அசையவே இல்லை. உள்ளே பேரிங் இறுகிப்போயிருந்தது. போன வாரமே பாதி இறுகியிருந்ததால்தான் பெல்ட் வழுக்கியிருக்கிறது. வழுக்கியதால்தான் கத்தியிருக்கிறது. நான் அதை வழுக்க விடாமல் ஒட்டிவைத்ததும், சுற்றாத கப்பியோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி, இன்று பிய்ந்துவிட்டது.

"கத்துற பெல்ட் எதையோ சொல்லுதுண்ணே," என்றார் அக்கா. "வாயை அடைச்சுட்டா சொல்ல வந்தது இல்லாமப் போயிடுமா?"

"நல்லா கேட்டுக்கங்க," என்றார் அமிர்தலிங்கம், மிராசுதாரைப் பார்த்து.

புது பெல்ட் கடையில் இருந்தது. பேரிங் இல்லை. கடையடைப்பால் ஊரில் ஒரு கடையும் திறக்காது. அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மிகவும் பணிவான குரலில், பெரிய மச்சான் கடையில் ஓடுகிற சீலிங் ஃபேனின் பேரிங்கும் இதுவும் ஒரே அளவு, போன சித்திரையில் அதை மாற்றிக் கொடுத்ததே நாம்தான் என்றார். மிராசுதாரும் சங்கத் தலைவரும் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஒரே பக்கம் நின்றார்கள். இருவரும் அஜீஸ் பாயைப் பார்த்தார்கள். தை மாதத்திலும் ஃபேன் இல்லாமல் உட்காராத மனிதர், தன் கையாலேயே கடைக் கதவைத் திறந்துவிட்டார்.

பத்தேகாலுக்கு வேலை முடிந்தது. சாவியைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியது, விளக்கு அணைந்தது. ஹெட்லைட்டைப் போட்டேன், பெல்ட் கத்தவில்லை. பாய் அனுப்பியிருந்த மீட்டரில் பேட்டரி பதினாலு வோல்ட் காட்டியது. ஒவ்வொன்றையும் நான் உரக்கச் சொல்ல, உள்ளேயிருந்து அக்கா ம் என்றார். கார் கிளம்பும்போது மிராசுதார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வாசனை விஷயம் வெளியே போக வேண்டாம் என்றார். பின் சீட்டில் அமிர்தலிங்கம் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அன்று மதியமே அரைப் படி கிடைத்துவிட்டது. ஐந்து நாள் ஆகும் என்று நினைத்த பேச்சு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது எப்படி என்று தாலுகாவே வியந்தது. நான் வியக்கவில்லை. இருபத்து நாலு கிலோமீட்டர் ஒரே காரில் போயிருக்கிறார்கள். அமிர்தலிங்கம் பொதுக்கூட்டத்தில் மைக் பிடித்தால் இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர். காரில் ஏறிய சாமி அவருக்குத் தலைப்பாகக் கிடைத்துவிட்டது என்பது மிராசுதாருக்குத் தெரியும்.

அஜீஸ் பாய் விடவில்லை. புகாரை எழுத்தில் வாங்க மிராசுதார் வீட்டுக்கே போனார். எந்தக் கடை, எந்த பெல்ட், தன் காரில் வருவது சாமி மணம்தான் என்று சொல்லி மிராசுதார் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனாலும் கடிதம் தம்மாமுக்குப் போயிற்று. அக்காவும் ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். நடந்ததை என்றார். அடுத்த வியாழக்கிழமை என் குங்கிலிய டின்னைக் கேட்டு வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். சாயங்காலம் திரைக்குள்ளிருந்து அந்த மணம் வந்தது. நான் கடையின் கடைசி நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

மாசி பிறந்து பத்து நாளில் கேசட் வந்தது. தபால்காரர் பின்னாலேயே அஜீஸ் பாயும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் வீடியோ கடைக்கென்று புதுப் பூட்டுகூட வாங்கி வைத்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அக்கா டேப்பைப் போட்டார். பாய் நலம் விசாரித்தார். இருமினார்.

"அண்ணன் எழுதினதைப் படிச்சேன். நீ எழுதினதையும் படிச்சேன். அண்ணன் எழுதினதைவிட நீ உன் மேலயே கூடுதலாப் புகார் எழுதியிருக்கே. படம் வேற போட்டிருக்கே." மறுபடி இருமல். "நஃபீசா, இங்க கேரேஜ்ல ஒரு வண்டி மூணு நாளா நிக்குது. சிவப்பு விளக்கு அணைய மாட்டேங்குது, சூடு ஏறல. நானும் பிரிச்சுப் பூட்டிட்டேன். ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கு. சத்தத்தைப் பதிவு பண்ணியிருக்கேன், கேளு."

அதன் பிறகு கேசட் முடியும் வரை ஒரு எஞ்சின் ஓடியது. சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அஜீஸ் பாய் எழுந்து போனார். திரைக்குள் டேப் பின்னால் சுற்றியது. மறுபடி எஞ்சின் ஓடியது. மூன்றாவது முறை ஓடும்போது அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு டேப்பை நிறுத்தினார்.

"சூடு ஏறலைன்னா பெல்ட் இல்லண்ணே. பேப்பரும் பேனாவும் கொடுங்க."